உப்பு ஜாடியில் உன் அப்பா

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா ஆசிகளுடன் எழுதிக்கொள்வது.

நானும் உன் சித்தியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எனக்குச் சர்க்கரை, அவளுக்கு முட்டி, இரண்டு பேருக்கும் சேர்த்துக் காது. ஆகவே உயிரோடு இருக்கிறோம் என்று எழுதுகிறேன், அதுதான் உண்மை. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தில் அதைப் பற்றித் தகவல் ஏதும் இல்லை. உன் கடிதமே மொத்தம் ஐந்து வரி. அப்பாவின் காரியங்களை முடித்ததற்கு நன்றி, அஸ்தியை அனுப்பி வையுங்கள், அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்து இடம் அவருக்கென்று இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் வைக்காவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், நான் வர முடியாது. நம் குடும்பத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. அந்தக் குறையை இந்தக் கடிதத்தில் நான் தீர்த்துவைக்கிறேன்.

உன் கடிதம் வந்து இன்றோடு பதினோரு வாரம். இந்தக் கிழவனுக்கு ஒரு பார்சல் அனுப்பத் துப்பில்லை என்று நீ பல்லைக் கடித்திருப்பாய். துப்பு இருந்தது, பார்சலும் இருந்தது, குறுக்கே உன் அப்பா நின்றார். அவருடைய உத்தியோகம் என்னவென்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை; ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். பழம்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகம். நாட்டின் வரலாற்றுக்கு முக்கியமான பொருள் எதையும் எவனும் மூட்டை கட்டி வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடாமல் பார்த்துக்கொள்கிற இடம். ஒரு பழைய பொருள் வெளியே போகவேண்டுமானால், இது நூறு வருடத்தைத் தாண்டாதது, வரலாற்று முக்கியத்துவம் இல்லாதது என்று அங்கே சான்று வாங்கவேண்டும். அந்தச் சான்றைக் கொடுப்பதற்காக நியமிக்கப்பட்டவர் உன் அப்பா. முப்பத்துநான்கு வருடம் அதைக் கொடுக்காமலே இருந்து ஓய்வுபெற்றார். அலுவலகத்தில் அவருக்குத் தாழ்ப்பாள் என்று பெயர். எதிர்த் தெருவில் ரப்பர் ஸ்டாம்பு கடை வைத்திருந்த எனக்குத் தாழ்ப்பாளின் தம்பி என்று பெயர். அந்த அலுவலகத்தின் முத்திரை, லேபிள், ரசீதுப் புத்தகம் எல்லாம் என் கடையில்தான் செய்தார்கள். 'நாட்டை விட்டுச் செல்லத் தகாதது' என்று சிவப்பு எழுத்தில், கீழே கையெழுத்துக்கும் தேதிக்கும் இடம் விட்ட லேபிள், வருடத்துக்குப் பத்துச் சுருள் அடித்துக் கொடுப்பேன். ஒரு தடவை ஒரு சுருள் கோணலாக விழுந்துவிட்டது. அலுவலகத்தில் வேண்டாம் என்றார்கள். உன் அப்பா வீணாகக் கிடப்பானேன் என்று வீட்டுக்கு எடுத்துப்போனார். அன்று பிடித்தது சனி. அதற்குப் பிறகு அவருக்கு அந்த லேபிள் ஒரு பைத்தியமாகிவிட்டது. வீட்டில் கண்ணில் பட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிடுவார்.

இப்போது தகன நிலையத்துக்கு வருவோம். அங்கே உன் அப்பாவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். மூடி ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் எழும்பியது. உயிரோடு இருந்தபோது ஒரு விஷயத்திலும் வளைந்துகொடுக்காத மனுஷன், பஸ்ஸில் என் மடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டு வந்தார். உன் சித்தி பார்த்துவிட்டு, "இப்படியே அனுப்பினா அங்க வெறும் டப்பாதான் போய்ச் சேரும்" என்று சொல்லி, உன் அப்பா வீட்டுச் சமையலறையிலிருந்த உப்பு ஜாடியைக் காலி செய்து கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும்: பழுப்பு நிறம், வயிறு பெருத்தது, மூடியின் குமிழை நீ பத்து வயதில் உடைத்துவிட்டு, அடிக்குப் பயந்து பள்ளிக்கூடப் பசையைப் போட்டுக் கோணலாக ஒட்டிவைத்தாயே, அதேதான். நல்ல இறுக்கமான மூடி. அதில் அவரை மாற்றி, துண்டைச் சுற்றி, பார்சல் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். படிவத்தில் 'உள்ளே இருப்பது' என்ற இடத்தில் 'அண்ணன்' என்று எழுதினேன். பொய் எழுதிப் பழக்கமில்லை. கவுண்ட்டரில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள், மறுபடி படித்தாள், ஜாடியை ஜாக்கிரதையாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே சிவப்பு எழுத்தில் லேபிள். கீழே உன் அப்பாவின் கையெழுத்து. "சார், இது போகக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்றாள். அன்று மாலையே உன் அப்பாவின் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து ஜாடியைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். ரசீது கொடுத்தார்கள், அதுவும் என் கடையில் அடித்த ரசீதுதான். 'ஜாடி ஒன்று, மூடியுடன், உள்ளடக்கத்துடன்.'

மறுநாள் அலுவலகத்துக்கு ஓடினேன். உன் அப்பாவின் நாற்காலியில் இப்போது இருப்பது ஒரு அம்மாள். அவரிடம் வேலை பழகியவர். அவர் போலவே பேனாவை மூடிவிட்டுத்தான் பேசுகிறார். மேஜைமேல் ஜாடி. நான் உள்ளே போனபோது அவர் அதற்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா கையெழுத்துங்க" என்றார்.

"தெரியும்மா. ஆனா இது கடையில வாங்கின உப்பு ஜாடி. முப்பது வருஷம்கூட ஆகல. லேபிளும் செல்லாது, அச்சுக் கோணல்னு நீங்களே திருப்பிவிட்ட சுருள். அடிச்சவன் நான் சொல்றேன்."

"அச்சு கோணலா இருந்தா என்னங்க, கையெழுத்து நேரா இருக்கே. ஐயா எதையும் சும்மா ஒட்டமாட்டார்."

"சரி, ஜாடியை நீங்களே வெச்சுக்கங்க. அண்ணனை மட்டும் ஒரு டப்பாவுல கொட்டிக் கொடுத்துடுங்க. அங்க அண்ணி பக்கத்துல இடம் காத்துக்கிட்டிருக்கு."

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. "உள்ளடக்கத்தோட பதிவாயிடுச்சுங்க. பதிவான பொருளைப் பிரிச்சா சேதப்படுத்தின குற்றம். உள்ள போயிடுவேன்" என்றார். யார் போட்ட விதி என்று நான் கேட்கவில்லை. யாரோ ஒரு வியாபாரி பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே இருந்த ஓலைகளை மட்டும் உருவிக்கொண்டு போன வருடம், உன் அப்பா மூன்று நாள் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதிய விதி அது. நான்தான் அச்சடித்தேன். பிழை திருத்தியதும் நான்தான். அப்போது ரொம்ப நன்றாக இருக்கிறது அண்ணா என்று சொன்னேன்.

பிறகு நிபுணர் குழு. குழு என்றால் ஒரே ஒரு மண்பாண்ட நிபுணர். மற்ற இருவரும் லீவில் இருந்தார்கள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மூடியின் குமிழையே முக்கால் மணி நேரம் பார்த்தார். முதலில் சாதாரண ஜாடி என்றுதான் ஆரம்பித்தார். அந்த அம்மாள் லேபிளைக் காட்டியதும் குரல் மாறிவிட்டது. இப்படிக் கோணலாக ஒட்டுகிற முறையை எங்கும் பார்த்ததில்லை, பசை விளங்கவில்லை, உள்சுவரில் உப்புப் படிவு இருப்பதால் நெடுங்காலம் கடலில் போன ஜாடியாக இருக்கலாம் என்றார். நான் எழுந்து, "ஐயா, அது எங்க அண்ணன் பொண்ணு பத்து வயசுல உடைச்சு ஒட்டினது, உப்பு எங்க அண்ணன் சாப்பிட்ட உப்பு" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. பரிவோடு தலையாட்டிவிட்டு, 'குடும்பத்தினரிடையே ஒரு வாய்மொழிக் கதை வழங்குகிறது. ஆதாரமில்லை' என்று எழுதிக்கொண்டார். இப்படியாக நீ கதையாகிவிட்டாய், மகளே. உள்ளே இருப்பதையும் சோதிக்கவேண்டும் என்று ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு கரண்டி எடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு கரண்டி உன் அப்பா. தோளோ முழங்காலோ, எதுவென்று தெரியவில்லை.

ஆய்வு முடிவு வர ஐந்து வாரம். அதுவரை ஜாடியைப் பாதுகாப்பு அறையில் வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று அந்த அம்மாள் தன் பொறுப்பில் அனுமதி கொடுத்தார். கையுறை போட்டுக்கொள்ளவேண்டும், தொடக்கூடாது, வாசலில் நோட்டில் எழுதவேண்டும். 'பார்க்க வந்த காரணம்' என்ற இடத்தில் முதல் வாரம் 'ஆராய்ச்சி' என்று எழுதினேன். பிறகு 'சும்மா' என்று எழுதினேன். நீளமான அறை, ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் இழுத்துக்கொண்டு கிடந்தது. இரும்பு அலமாரிகளில் உன் அப்பா பிடித்துவைத்ததெல்லாம் நிற்கிறது: மூக்கு உடைந்த சிலைகள், இரண்டு கதவு, ஒரு பீரங்கி, யாரோ ஒரு பிரபு குளித்த தொட்டி. எல்லாவற்றின் கழுத்திலும் என் லேபிள். அவற்றின் நடுவில், மூன்றாம் தட்டில், எண் எழுதி உன் அப்பா. முப்பத்துநான்கு வருடம் அவர் போகவிடாமல் நிறுத்திவைத்ததெல்லாம் சுற்றி நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, உன் சித்தி முட்டி, மின்சாரம் நின்றது, இப்படி வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிட்டு வருவேன். அவர் உயிரோடு இருந்தபோது நாங்கள் ஒரு வாரத்துக்குப் பத்து நிமிஷம் பேசியதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகள் பிடித்திருந்தன.

ஆய்வு முடிவு அரைப் பக்கம் வந்தது. 'மனித எலும்பின் சாம்பல். காலம் மிக அண்மையது.' அந்த அம்மாள் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே ஓடிவந்தார். உள்ளடக்கம் ஜாடியின் காலத்தைச் சேர்ந்ததல்ல என்று தெரிந்துவிட்டதாம். ஆகவே அதற்கு மட்டும் தனியாக 'வரலாற்று முக்கியத்துவம் இல்லை' என்று சான்று கொடுத்துவிட்டால் பிரித்து அனுப்பலாமாம். நான் கைகூப்பிவிட்டேன். உன் சித்தி அவருக்குக் காப்பி கொடுத்தாள். காப்பி பாதி குடித்ததும் அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு சிக்கல் இருக்குங்க" என்றார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். உன் அப்பா ஓய்வுபெற்றபோது கொடுத்த பிரிவுபசாரப் பத்திரம். தங்க எழுத்து. 'வரலாறு என்றும் மறவாத மாமனிதர். இந்நாட்டின் வரலாற்றில் அழியா இடம் பெற்றவர்.' அது அலுவலகக் கோப்பில் முறைப்படி பதிவாகி, முத்திரையும் விழுந்திருக்கிறது. அலுவலகமே வரலாற்று முக்கியத்துவம் உண்டு என்று பதிவுசெய்த ஒருவருக்கு, அதே அலுவலகம் இல்லை என்று எப்படிச் சான்று கொடுக்கும்? அதை எழுதினது யாருங்க என்று கேட்டார். உன் சித்தி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அந்தப் பத்திரத்தை எழுதியதும் நான்தான், அடித்ததும் நான்தான். ஊழியர்கள் வந்து ரெண்டு வரி நல்லாப் போட்டுக் கொடுங்க என்றார்கள். எனக்குக் கை நிற்கவில்லை. இருக்கும்போது நேராக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவன் தங்க எழுத்தில் சொல்லிவைத்தேன்.

ஆகவே எழுதியவனே அதை மறுத்து உறுதிமொழி கொடுக்கவேண்டியதாயிற்று. காரணங்களோடு. வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்து, என் அண்ணன் முக்கியமானவர் அல்ல என்று எழுத ஆரம்பித்தேன். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை, எதையும் கட்டவில்லை, பிறர் கொண்டுவந்ததற்கு இல்லை என்று சொன்னதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. அவர் பெயரில் தெரு கிடையாது. செத்தபோது வந்தவர்கள் பதினாறு பேர், அதில் இரண்டு பேர் விலாசம் தவறி வந்தவர்கள். இவ்வளவு எழுதியும் அந்த அம்மாள், இன்னும் ஒரு வலுவான காரணம் வேண்டும் என்றார். அப்போதுதான் மகளே, அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி எழுதினேன். உன் பிரசவத்துக்கு உதவ அங்கே வந்த அண்ணி படுக்கையில் விழுந்ததும், முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த அந்தச் சின்னப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஆசைப்பட்டதும், நீ விண்ணப்பம் அனுப்பியதும், நூறு வருடம் தாண்டிய பொருள், அனுமதி இல்லை என்று சொந்த மனைவிக்கே அவர் லேபிள் ஒட்டியதும், அண்ணி 'விடு' என்ற ஒரு வார்த்தையோடு போய்ச் சேர்ந்ததும், பதினொரு வருடமாக நீ அவரிடம் பேசாததும். தன் வீட்டுக்கே வேண்டாதவர் நாட்டுக்கு எப்படி முக்கியமாவார் என்று முடித்தேன். அந்த அம்மாள் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை அடிச்சிடுங்க. இது அவர் முக்கியமில்லைன்னு காட்டலை. எவ்வளவு நேர்மையானவர்னு காட்டுது. இது இருந்தா சான்று கிடைக்காது" என்றார். அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, அவர் குறட்டை விடுவார் என்று எழுதினேன். அது போதும் என்றார்கள்.

சான்றில் முத்திரை விழுந்தது. 'வரலாற்று முக்கியத்துவம் இல்லை.' இருபது வருடத்துக்கு முன் நானே ரப்பரில் வெட்டிய எழுத்து. உன் அப்பா அதை அதிகம் உபயோகிக்காததால் இன்னும் தேயவில்லை; ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று விழுந்தது. சொந்த அண்ணன் மேல் விழும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மங்கலாக வெட்டியிருப்பேன்.

அவரை ஒரு பிஸ்கட் டின்னில் மாற்றி, நாளைக் காலை அனுப்புகிறேன். சான்றை மூடியில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு கரண்டி குறையும், பொறுத்துக்கொள். நீ சொன்ன கெடுவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, போய்ச் சேர்ந்துவிடும். ஜாடி இனி நாட்டுடைமை. நீ ஒட்டிய குமிழுக்குக் கண்ணாடிக் கூண்டு செய்கிறார்கள். நீ வரவேண்டிய அவசியமே இல்லை. இங்கே எல்லாம் முடிந்தது. அவர் வீட்டுச் சாவியைத் திங்கட்கிழமை வீட்டின் உரிமையாளரிடம் கொடுத்துவிடுகிறேன். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, பழகிவிட்டது.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. நான் பார்க்காத பேத்திக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முத்திரை ஏதும் விழாமல், நீண்ட நாள் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் பிரித்து எழுதுகிறேன். இன்று அவர் வீட்டை ஒழித்தோம். கண்ணில் பட்டதற்கெல்லாம் லேபிள் ஒட்டுவார் என்று மேலே எழுதினேன் அல்லவா, அது தப்பு. பீரோவில் இல்லை, ரேடியோவில் இல்லை, கட்டிலில் இல்லை. வீடு முழுக்கத் தேடியும் மூன்றில்தான் இருந்தது. நீ உட்கார்ந்து எழுதிய குட்டி நாற்காலி, நீ கம்பியை உடைத்த குடை, அண்ணியின் கண்ணாடிப் பெட்டி. நான்காவது அந்த ஜாடி. நாற்காலியிலும் குடையிலும் நீ விமானம் ஏறிய நாள் தேதி. பெட்டியில் உன் விண்ணப்பம் வந்த நாள் தேதி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் பெட்டி நூறு வருடத்துப் பொருள் அல்ல. அவர்கள் கல்யாணத்துக்கு நான் வாங்கிக்கொடுத்தது. அடியில் 'அண்ணனுக்கும் அண்ணிக்கும்' என்று நானே வெட்டிய முத்திரையைக் குத்தியிருந்தேன். லேபிளை அதன் மேலேயே ஒட்டி மறைத்திருக்கிறார். இன்று உரித்தேன். முப்பத்துநான்கு வருடத்தில் அவர் எழுதிய ஒரே பொய் அது. அப்போதே எனக்குத் தெரியும். கேட்டேன். "பொட்டி இங்க இருந்தா அதுக்காகவாவது திரும்பி வருவாடா" என்றார். செத்துப்போவாள் என்று அவர் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, நல்ல யோசனை அண்ணா என்றேன். அதை உன்னிடம் சொல்லாமல் பதினொரு வருடம் அவரைத் திட்டவிட்டேன். அண்ணிக்கும் பெட்டியின் வயது தெரியும். அவள் 'விடு' என்று ஏன் சொன்னாள், பக்கத்து இடத்தை யாருக்கு வைத்துவிட்டுப் போனாள் என்று நீயே யோசித்துப் பார்.

ஆக அந்தப் பெட்டிக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. நாளைப் பார்சலிலேயே வைத்து அனுப்பலாம், இடமும் இருக்கிறது. நான் வைக்கப்போவதில்லை. என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். உன் அப்பா செய்த அதே அயோக்கியத்தனத்தைத்தான் நானும் செய்கிறேன், தெரிந்தே செய்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு போ. பெட்டி எத்தனை வருடமானாலும் இங்கேயே இருக்கும். எனக்கு அறுபத்தொன்பது.